கூலரைக் கழுவுவதா, மாற்றுவதா, பெரிதாக்குவதா? பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஆயில் சூட்டுக்கு எது வழி

நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் விரட்டிய பிறகு ஆயில் டெம்பரேச்சர் முள் 120 டிகிரியைத் தாண்டி நிற்கிறது. சிக்னலில் வண்டி நின்றதும் பிரஷர் முள் அடிமட்டத்துக்குச் சரிகிறது. இந்த நிலையில் பெரும்பாலானோர் செய்யும் முதல் காரியம் பெரிய ஆயில் கூலருக்கு ஆர்டர் போடுவதுதான். பத்து வரிசைத் தட்டு இருக்கும் இடத்தில் பத்தொன்பது வரிசை வைத்தால் தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் ஆயில் சூடான பிறகே கூலருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் மூடிய நிலையிலேயே இறுகிப்போயிருந்தால் பத்தொன்பது என்ன, ஐம்பது வரிசை வைத்தாலும் முள் அசையாது. ஆயில் அங்கே போனால்தானே?

ஆகவே கழுவி மாட்டுவது, ரிப்பேர் செய்வது, அதே வகையில் புதியது, பெரிய அடுக்குத்தட்டுக் கூலர், தண்ணீரால் குளிரும் கூலர், கூலரே இல்லாமல் ஓட்டுவது என்று எதைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும் கூலருக்குள் போகும் குழாயின் சூடும் வெளியே வரும் குழாயின் சூடும் முதலில் கையில் இருக்க வேண்டும். அந்த இரண்டு எண்கள் இல்லாமல் வாங்கும் எந்தப் பொருளும் குருட்டுச் செலவு.

எவ்வளவு சூடு சரியான சூடு

இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை ஆரோக்கியமான நிலை. நீண்ட மலையேற்றத்திலோ ரேஸ் டிராக்கிலோ சற்று நேரம் 120-ஐத் தொடுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். மினரல் ஆயில் 130-இல் நெடுநேரம் நின்றால் கெட ஆரம்பிக்கும். நல்ல சிந்தெட்டிக் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. 110-இல் ஓடும் வண்டிக்கு நீங்கள் வைத்திருக்கும் ஆயில் மாற்றும் இடைவெளி 130-இல் ஓடும் வண்டிக்குப் பொருந்தாது.

மறுபக்கம் பலர் கவனிக்காதது. 80-க்குக் கீழேயே எப்போதும் ஓடும் ஆயிலும் கெடும். எரிப்பில் உருவாகும் ஈரமும் பெட்ரோல் துளியும் ஆவியாகாமல் அதிலேயே தங்கி, வால்வ் கவரின் உட்புறத்தில் பழுப்பு வெண்ணெய் போலப் படியும். தேவைக்கு மீறிப் பெரிய கூலர் வைப்பவர்களுக்குக் கிடைக்கும் பரிசு பெரும்பாலும் இதுதான்.

முள் பொய் சொல்கிறதா

ஐம்பது வருடம் பழைய டேஷ்போர்டை அப்படியே நம்பக் கூடாது. சம்ப்பில் இருக்கும் சென்சாரைக் கழற்றி, அதன் வயரை மாட்டியபடியே, உடலை ஒரு தனி வயரால் இன்ஜினோடு எர்த் செய்து, கொதிக்கும் தண்ணீரில் நுனியை முக்குங்கள். கடல்மட்டத்துக்கு அருகே என்றால் முள் 100-இல் நிற்க வேண்டும். 115 காட்டினால் உங்களுக்குக் கூலர் பிரச்சினை இல்லை, சென்சார் பிரச்சினை.

எதற்கெடுத்தாலும் "எர்த் லூஸாக இருக்கும்" என்று சொல்லிவிடுவது வழக்கம். இங்கே அது எதிர்மாறாக வேலை செய்யும். இந்த வகைச் சென்சார்களின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். எர்த் மோசமானால் தடை கூடும், முள் குறைவாகத்தான் காட்டும். முள் திடீரென்று கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டால், சென்சார் வயர் எங்கோ உரசி பாடியில் தொடுகிறது என்று அர்த்தம். பழைய பிரிட்டிஷ் கார்களில் இன்னொரு வில்லன் உண்டு. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் 10 வோல்ட் ஸ்டெபிலைசர் கெட்டு முழு 12 வோல்ட்டையும் விட்டால், அதிலிருந்து ஓடும் கேஜ்கள் எல்லாம் கூட்டிக் காட்டும். பெட்ரோல் கேஜும் டேங்க் நிரம்பியதற்கு மேல் போய் நிற்கிறதென்றால் முதலில் அதைப் பாருங்கள்.

சென்சார் இருக்கும் இடமும் முக்கியம். சம்ப்பில் அளப்பது கூலருக்குப் போகுமுன் இருக்கும் ஆயிலை. கூலருக்குப் பின்னால் ஃபில்டர் தலையில் அளப்பது குளிர்ந்த ஆயிலை. ஒரே வண்டியில் இந்த இரண்டுக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரலாம். இன்னொருவர் வண்டியின் அளவோடு உங்கள் வண்டியை ஒப்பிடும்போது இதைக் கேட்காமல் ஒப்பிடாதீர்கள்.

இரண்டு குழாய்கள், இரண்டு எண்கள்

துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கையில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. பளபளக்கும் அலுமினியத்தையோ பாலிஷ் செய்த பித்தளையையோ அது சரியாக அளக்காது, குறைத்துக் காட்டும். அளக்கும் இடத்தில் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டி அதன் மேல் குறி வையுங்கள். அதைவிட நல்லது நுனியில் சூட்டை அளக்கும் வயரான தெர்மோகப்பிள் இரண்டு. கூலரின் உள்வழி இணைப்பில் ஒன்று, வெளிவழி இணைப்பில் ஒன்று. நுனியை உலோகத்தோடு இறுக்கமாக டேப் சுற்றி, மேலே ஒரு துண்டு ஸ்பாஞ்சை வைத்துக் கட்டுங்கள். ஸ்பாஞ்ச் இல்லாவிட்டால் எதிர்க்காற்று நுனியைக் குளிரவைத்து எண்ணைக் கெடுத்துவிடும். வயரைக் கதவு ரப்பருக்கு இடையே காருக்குள் கொண்டுவந்து மீட்டரில் மாட்டி, 80 கிலோமீட்டர் வேகத்தில் 20 நிமிடம் சீராக ஓட்டிய பிறகு எழுதிக்கொள்ளுங்கள். நின்ற வண்டியை ஐட்லிங்கில் வைத்து அளப்பதில் பயனே இல்லை. காற்றும் கிடையாது, ஆயில் ஓட்டமும் குறைவு.

சம்ப் 120-இல் கொதிக்க, கூலரின் இரண்டு குழாயும் கை வைக்கும் அளவுக்கு ஆறிக் கிடந்தால் ஆயில் கூலருக்குப் போகவில்லை. தெர்மோஸ்டாட் மூடியே நிற்கிறது, அல்லது ஆயிலைக் கூலருக்கு விடாமல் குறுக்குவழியில் திருப்பும் பைபாஸ் வால்வ் திறந்தே நிற்கிறது, அல்லது ஹோஸ் அடைத்திருக்கிறது. போர்ஷே 911-இல் முன் கூலருக்கு ஓடும் உலோகக் குழாய்கள் வலப்பக்கப் படிக்கு அடியில் போகின்றன. ஜாக்கியைத் தவறான இடத்தில் வைத்து அவற்றை நசுக்கிய வண்டிகள் ஏராளம்.

இரண்டும் சூடாக இருந்து இடைவெளி மூன்று நான்கு டிகிரி மட்டும் என்றால், ஆயில் தாராளமாக ஓடுகிறது, காற்றுதான் வேலை செய்யவில்லை. கூலரின் மெல்லிய தகடுகளான ஃபின்களுக்கு இடையே மண்ணும் பூச்சியும் ஆயில் பிசுக்கும் அப்பியிருக்கலாம். கூலருக்கு முன்னால் காற்றைத் திருப்பிவிட இருக்க வேண்டிய தகடு எப்போதோ டிங்கரிங்கில் கழற்றப்பட்டு மாட்டாமல் விடப்பட்டிருக்கலாம்.

இடைவெளி 30 டிகிரி என்று வந்தால் பலர் "கூலர் பிரமாதமாக வேலை செய்கிறது" என்று மகிழ்வார்கள். அது நல்ல செய்தி அல்ல. ஆயில் மிகக் குறைவாக ஓடுவதால் கூலருக்குள் வெகுநேரம் தங்கிக் குளிர்கிறது. குளிர்வது ஒரு கரண்டி, கொதிப்பது ஒரு அண்டா. தெர்மோஸ்டாட் பாதி திறந்து சிக்கியிருக்கிறதா, ஹோஸின் உள்ரப்பர் உரிந்து கதவு போல மூடுகிறதா, கூலருக்குள் கசடு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இடைவெளி 8 முதல் 15 டிகிரி, காற்றோட்டமும் சரி, ஆனாலும் சம்ப் கொதிக்கிறது என்றால் மட்டுமே கூலரின் அளவு பற்றிப் பேச வேண்டும். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 20 லிட்டர் சூடான ஆயில் கூலர் வழியாகப் போய் 10 டிகிரி இறங்கினால், காற்றுக்குப் போகும் வெப்பம் ஏறக்குறைய 6 கிலோவாட். அந்த அளவு வெளியே போயும் முள் இறங்கவில்லை என்றால், கூலரை அளப்பதற்கு முன் இவ்வளவு வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும்.

வெப்பம் பிறக்கும் இடம்

இக்னிஷன் டைமிங் தாமதமாக இருப்பது முதல் சந்தேகம். ஐட்லிங்கில் டைமிங் லைட் காட்டும் எண் சரியாக இருக்கும். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் துருப்பிடித்துச் சிக்கியிருந்தால் 3,500 சுற்றில் அட்வான்ஸ், அதாவது தீப்பொறியை முன்கூட்டியே விடுவது, முழுதாக ஏறாது. அந்தச் சுற்றிலும் லைட்டைக் காட்டிப் பார்க்காதவர் டைமிங் பார்த்ததாகச் சொல்லக் கூடாது. கார்புரேட்டர் மிக்ஸ்சர் பெட்ரோல் குறைந்து ஓடுவது இரண்டாவது. தண்ணீரால் குளிரும் இன்ஜினில் ரேடியேட்டரே திணறினால் ஆயிலும் சேர்ந்து ஏறும். அங்கே ஆயில் கூலரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆயில் அளவு கூடுதலாக இருப்பதும் சூட்டைக் கூட்டும். கிராங்க் ஆயிலில் அடித்து நுரையாக்கும், அந்த அடியே வெப்பம். ஆயிலைத் தனி டேங்கில் வைத்திருக்கும் 911 போன்ற டிரை சம்ப் வண்டியில் இந்தத் தவறு சுலபமாக நடக்கும். அதில் அளவு பார்க்க வேண்டியது சமதளத்தில், இன்ஜின் நன்றாகச் சூடேறி, ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போது. ஆறிய வண்டியில் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்துவிட்டு "குறைவாக இருக்கிறதே" என்று ஊற்றினால், மிச்சம் மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குள் போய்ச் சேரும்.

காற்றால் குளிரும் இன்ஜினில் விசிறி பெல்ட்டின் இறுக்கம், இன்ஜினைச் சுற்றியிருக்கும் தகடுகள், அவற்றின் ஓர ரப்பர் ஆகிய மூன்றும் சரியாக இல்லாமல் ஆயில் கூலரைத் தொடவே கூடாது. ஓர ரப்பர் போன இடத்தில் சிலிண்டரைத் தாண்டிய சூடான காற்று மீண்டும் விசிறிக்கே வரும். நெடுநாள் நின்ற வண்டி என்றால் விசிறிக் கூட்டுக்குள் எலி கட்டிய கூட்டையும் எதிர்பாருங்கள்.

கெட்டியான ஆயில் ஊற்றினால் சூடு குறையும் என்பது தவறான நம்பிக்கை. பிரஷர் முள் கொஞ்சம் மேலே நிற்கும், அவ்வளவே. கெட்டி ஆயில் உராய்வில் கூடுதலாகவே சூடாகும்.

கழுவி மாட்டுவது

வெளியே அழுக்கு, உள்ளே பழைய ஆயில், மற்றபடி கசிவில்லை என்றால் மிகச் சிக்கனமான வழி இது. பெரும்பாலான வண்டிகளுக்கு இதுவே போதும். கூலரைக் கழற்றி இரண்டு வாயையும் அடைத்து, டீகிரீசரைப் பின்பக்கத்திலிருந்து தெளித்து ஊறவையுங்கள். அழுக்கு முன்பக்கத்திலிருந்து உள்ளே போனது. வந்த வழியே வெளியேற்றுவதுதான் சுலபம். தோட்டக் குழாயின் அழுத்தம் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே கொண்டுபோனால் ஃபின்கள் படுத்துவிடும், பிறகு காற்று நுழையவே இடமிருக்காது. காஸ்டிக் கலந்த தொட்டியில் அலுமினியக் கூலரைப் போடாதீர்கள், அலுமினியத்தையே தின்றுவிடும்.

ஆயில் வெளியேறும் வாய் வழியாக உள்ளே மண்ணெண்ணெய் பாதி அளவு ஊற்றி, வாய்களை மூடி, குலுக்கி, நுழையும் வாய் வழியாக வடியுங்கள். வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வடிப்பது முக்கியம். துணியில் நிற்பதை வெளிச்சத்தில் பாருங்கள், காந்தம் காட்டுங்கள். கறுப்புக் கசடு மட்டும் என்றால் தெளிவாக வரும் வரை திரும்பத் திரும்பச் செய்யலாம். காந்தத்தில் ஒட்டும் ஊசித்தூள், அல்லது ஒட்டாமல் மினுக்கும் வெள்ளிநிற, செம்புநிறத் துகள் இருந்தால் கழுவுவதை அங்கேயே நிறுத்துங்கள்.

அந்தக் கூலர் குப்பைக்கு. இதில் விவாதமே வேண்டாம். அடுக்குத்தட்டுக் கூலரின் ஒவ்வொரு தட்டுக்குள்ளும் ஆயிலைக் கலக்கிவிட மடிப்புத் தகடு இருக்கிறது. அதன் மடிப்பில் சிக்கிய பேரிங் துகள் ஆறிய மண்ணெண்ணெய்க்கு வெளியே வராது. நூறு டிகிரி ஆயில், இன்ஜின் அதிர்வு, பிரஷர் எல்லாம் சேரும்போதுதான் நழுவும். கூலருக்குப் பின்னால் ஃபில்டர் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும் ஸ்டார்ட்டில் ஃபில்டரின் பைபாஸ் திறந்துகொள்ளும், துகள் நேராகப் புதுப் பேரிங்குக்குப் போகும். இன்ஜினை முழுதாகப் பிரித்துக் கட்டியவர் பழைய கூலரைத் துடைத்து மாட்டுவது, புதுச் சட்டை தைத்துப் பழைய ஊசியை அதிலேயே விட்டுவைப்பது போல. ஹோஸ்களுக்கும் இதே தீர்ப்புதான்.

ரிப்பேர்

பித்தளைக் கூலரின் கசிவை ரேடியேட்டர் பற்றவைப்பது போல ஈயத்தால் அடைப்பவர்கள் உண்டு. மென்மையான ஈயப்பற்று சுமார் 183 டிகிரியில் உருகும். 120 டிகிரி ஆயிலில், 5 பார் அழுத்தத்தில் அதன் பலம் பெரும்பகுதி போய்விடும். ரேடியேட்டரில் இருப்பது ஒரு பார் அளவு. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. பித்தளையில் செய்வதென்றால் வெள்ளிப்பற்று வைக்கத் தெரிந்த கை வேண்டும்.

அலுமினியக் கூலரில் வாய்ப்பகுதியில் விழுந்த விரிசலை டிக் வெல்டிங்கில் சரிசெய்யலாம். தட்டும் ஃபின்னும் சேர்ந்த நடுக்கோரில் கசிந்தால் விட்டுவிடுங்கள். அது முழுவதும் பிரேசிங்கால் ஒட்டியது. ஒரு இடத்தில் வெல்ட் செய்யும் சூடு பக்கத்து ஒட்டை இளக்கும். ஒரு ஓட்டையை மூடி இரண்டைத் திறப்பீர்கள். எப்படிச் சரிசெய்தாலும் மாட்டுமுன் ஆயில் நிரப்பிக் கைப்பம்பால் 10 பார் வரை ஏற்றிச் சில நிமிடம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் பிரஷர் 6, 7 பாருக்கு எகிறும். இந்தச் சோதனையைக் காற்றால் செய்யாதீர்கள். அடைபட்ட காற்று வெடித்தால் துண்டு பறக்கும், ஆயில் என்றால் ஒழுகும்.

ரிப்பேர் நியாயப்படும் ஒரே இடம், மாற்றுக் கூலர் கிடைக்காத அரிய வண்டி, அல்லது அசல் பாகம் இருந்தே ஆக வேண்டிய போட்டிக் கண்காட்சி வண்டி.

அதே வகையில் புதியது

வண்டி புதிதாக வந்தபோது அந்தக் கூலர் போதுமானதாக இருந்தது. இன்ஜினைக் கூட்டாமல், தெருவில் மட்டும் ஓட்டினால் இன்றும் போதும். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி-யில் ஐந்து பேரிங் இன்ஜின் வந்ததிலிருந்தே கூலர் கம்பெனியில் இருந்தே வந்தது. அந்த வண்டிக்கு 13 வரிசைக் கூலர் தாராளம். ஹோஸ், பிராக்கெட், மரை எல்லாம் பொருந்துவது இதன் பெரிய லாபம்.

911-இல் கதை கொஞ்சம் வேறு. இன்ஜினோடு சேர்ந்த கூலர் பிரஷர் வழியில் இருக்கிறது. முன் வலப்பக்க ஃபெண்டருக்குள் இருப்பது டேங்குக்குத் திரும்பும் வழியில். வளைந்த குழாய் மட்டுமே உள்ள டிராம்போன் வகையிலிருந்து பின்வருட ஃபின் வகைக்கு மாறினால் தெளிவான முன்னேற்றம் தெரியும், வண்டியின் அசல் தோற்றமும் கெடாது. "அதே வகை" என்பதற்கும் "பெரியது" என்பதற்கும் நடுவே இருக்கும் நல்ல சமரசம் இது.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. தெர்மோஸ்டாட்டிலும் கூலரிலும் பல வருடம் இறுகிய நட்டை வரவில்லையே என்று முறுக்கினால் விலையுயர்ந்த பக்கத்தின் மரை கழன்று வரும். எது மலிவோ அதை வெட்டுங்கள். பெரும்பாலும் அது குழாயின் நட்டுதான். நட்டின் ஒரு பக்கத்தில் நீளவாக்கில் மரை தெரியும் வரை அறுத்து, உளியால் ஒரு தட்டு தட்டினால் விரிந்துகொடுக்கும். கூலர் வாயில் எப்போதும் இரண்டு ஸ்பேனர்: ஒன்று வாயின் அறுகோணத்தைப் பிடிக்க, மற்றொன்று நட்டைத் திருப்ப. ஒரே ஸ்பேனரில் திருப்பினால் வாய் கோரிலிருந்து முறுகிக் கிழியும். புதுக் கூலரைப் பொருத்தும் நாளிலேயே கசியவைப்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கசியவைக்கிறார்கள்.

பெரிய அடுக்குத்தட்டுக் கூலர்

டிராக்கில் ஓட்டுபவருக்கும், இன்ஜின் குதிரைத்திறனைக் கூட்டியவருக்கும், டர்போ மாட்டியவருக்கும் இது தேவை. 235 மில்லிமீட்டர் அகலத்தில் 13, 16, 19 வரிசைகள் என்று படிப்படியாகக் கிடைக்கிறது. ஒரு படி மட்டும் ஏறுங்கள். ஓட்டி அளந்துவிட்டு மறுபடி யோசியுங்கள்.

ஆனால் கூலரைவிட அதன் முன்னால் இருக்கும் காற்றுவழி முக்கியம் என்பதில் கொஞ்சம் பிடிவாதம் வேண்டும். காற்று எப்போதும் சுலபமான வழியில்தான் போகும். கூலரைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விட்டால் காற்று அதன் வழியே போய்விடும், கோருக்குள் நுழையாது. ஓரம் முழுவதும் ஸ்பாஞ்ச் பட்டையால் அடைத்து, முன்வாயிலிருந்து கோர் வரை மெல்ல விரியும் தகட்டுக் குழல் செய்யுங்கள். முன்வாய் கோரின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும். அதைவிட மறக்கப்படுவது வெளியேறும் வழி. கூலருக்குப் பின்னால் சூடான காற்று போக இடமில்லை என்றால் முன்னால் எவ்வளவு பெரிய ஓட்டை போட்டாலும் காற்று நுழையாது. பம்பருக்குப் பின்னால் அடைபட்ட மூலையில் 19 வரிசை வைத்து ஒன்றும் மாறவில்லை என்று புலம்புவதற்கு இதுதான் காரணம்.

ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் ஆயில் இறங்கும், தண்ணீர் ஏறும். தண்ணீர் ஏற்கெனவே விளிம்பில் இருக்கும் வண்டியில் அந்த இடத்தைத் தவிருங்கள்.

கூலரை ரப்பர் புஷ் மீது நிறுத்துங்கள். உலோகத்தோடு உலோகமாக இறுக்கினால் அதிர்வில் மூலை விரியும். ஆயில் வாய்கள் மேலேயோ பக்கவாட்டிலோ பார்த்திருக்கட்டும். கீழே பார்த்தால் மேல் வரிசைகளில் காற்று சிக்கும். இன்ஜின் மவுண்ட்டில் அசையும், கூலர் பாடியில் நிற்கும். ஆகவே ஹோஸுக்குத் தளர்வு வேண்டும். உரசும் இடத்தில் சுற்றுக் காப்பு இல்லாவிட்டால் கம்பிவலை போட்ட ஹோஸ் ரம்பம் போல எதையும் அறுக்கும்.

மரையில் கண்ணை ஏமாற்றும் ஒரு ஜோடி உண்டு. எம்22, 1.5 மில்லிமீட்டர் பிட்ச் ஒன்று. ஏஎன்-10 ஹோஸுக்கு வரும் 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை இன்னொன்று. விட்டத்தில் கால் மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. ஒன்றில் மற்றொன்று ஓரிரு சுற்று ஏறும், பிறகு இறுகும். அழுக்காக இருக்கும் என்று ஸ்பேனர் போட்டால் அலுமினிய மரை போயிற்று. கையால் முழுதாக ஏறாத எதையும் ஸ்பேனரால் ஏற்றாதீர்கள்.

தண்ணீரால் குளிரும் கூலர்

இது காற்றுக்கூலருக்குப் போட்டி அல்ல, வேறு குணம் கொண்டது. காலையில் ரேடியேட்டர் தண்ணீர் சீக்கிரம் சூடாகி ஆயிலையும் சேர்த்துச் சூடாக்கும். காற்றுவழி வேண்டாம், நீண்ட ஹோஸ் வேண்டாம். ஆனால் ஆயில் ஒருபோதும் தண்ணீரின் சூட்டுக்குக் கீழே இறங்காது, இறக்கிய வெப்பம் எல்லாம் ரேடியேட்டர் தலையில் விழும். அன்றாடம் நகரில் ஓட்டுபவருக்கு இது நல்லது, டிராக்குக்குப் போதாது.

முதல் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7 இதற்குக் கண்ணெதிர் உதாரணம். ஆரம்ப வண்டிகளில் முன்னால் காற்றுக்கூலர் இருந்தது. 1983-இலிருந்து 12ஏ இன்ஜின் வண்டிகளுக்கு ஃபில்டருக்கு அடியில் தேன்கூடு போன்ற தண்ணீர்க் கூலர் வந்தது. ரோட்டரி இன்ஜினில் ரோட்டரின் உட்புறத்தைக் குளிர்விப்பதே ஆயில்தான். மொத்த வெப்பத்தில் கணிசமான பங்கு ஆயில் வழியே போகிறது. அதனால்தான் இந்த வண்டியை விரட்டி ஓட்டுபவர்கள் தண்ணீர்க் கூலரை எடுத்துவிட்டுப் பழைய முன்கூலருக்கே திரும்புகிறார்கள். அந்த மாற்றம் செய்யத் தகுந்தது.

கெடும்போது இந்த வகை கெடும் விதமும் தனி. போர்ஷே 944-இல் கூலர் இன்ஜின் பக்கத்தில் ஒரு கூட்டுக்குள் இருக்கிறது, அதன் சீல்கள் வயதானால் விட்டுப்போகும். ஓடும்போது ஆயில் அழுத்தம் 4, 5 பார், தண்ணீர் ஒரு பார். ஆகவே ஆயில் தண்ணீருக்குள் போகும். கூலன்ட் டப்பாவைத் திறந்தால் காப்பி நிற மேயனைஸ். பார்த்த உடனே ஹெட் கேஸ்கட் என்று சிலிண்டர் ஹெட்டைக் கழற்றாதீர்கள். டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்து, கூலன்ட்டில் எரிப்புப் புகை இருக்கிறதா என்று பார்க்கும் நீலத் திரவம் மஞ்சளாக மாறாமல் இருந்தால், குற்றவாளி பெரும்பாலும் கூலர் சீல்தான். கூட்டைத் திரும்ப மாட்டும்போது பிரஷர் ரிலீஃப் வால்வை அதற்கான கருவியால் நேராக நிறுத்தித்தான் போல்ட்டை இறுக்க வேண்டும். கோணலாக இறுக்கினால் வால்வ் சிக்கி ஆயில் பிரஷரே தாறுமாறாகும். சீல் மாற்றியபின் கூலன்ட் வழியைப் பாத்திரம் கழுவும் பவுடர் கரைத்த வெந்நீரால் பலமுறை கழுவ வேண்டியிருக்கும். ஆயில் ஊறி உப்பிய ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள்.

தெர்மோஸ்டாட் வேண்டுமா

பெரிய கூலர் வைத்தால் கட்டாயம் வேண்டும். ஃபில்டருக்கு அடியில் மாட்டும் சாண்ட்விச் பிளேட்டிலேயே சுமார் 80 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் வைத்து வருகிறது. மூடிய நிலையிலும் சிறு பங்கு ஆயிலைக் கூலருக்கு விடும் வடிவம் நல்லது. திறக்கும் கணத்தில் குளிர்ந்த ஆயில் மொத்தமாக இன்ஜினுக்குள் வந்து அதிராது. 911-இன் தனித் தெர்மோஸ்டாட் சுமார் 85-இல் திறக்கத் தொடங்கும். சந்தேகமிருந்தால் கழற்றித் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டு மெல்லச் சூடாக்குங்கள். 90-ஐத் தாண்டியும் அசையாத தெர்மோஸ்டாட்டை மறுபடி மாட்டாதீர்கள். டிராக்கில் மட்டுமே ஓடும் வண்டிக்குத் தெர்மோஸ்டாட் இல்லாமலும் நடத்தலாம், ஆனால் கிளம்புமுன் பொறுமையாகச் சூடேற்ற வேண்டும். குளிர்காலத்தில் தற்காலிகமாகக் கூலரின் பாதியை அட்டையால் மூடுவது கேவலமில்லை, வேலை செய்யும்.

மின்விசிறி நெரிசலில் நிற்கும்போதும் மலையேற்றத்தின் மெதுவேகத்திலும் மட்டும் உதவும். 100 கிலோமீட்டர் வேகத்தில் சூடாகும் வண்டிக்கு விசிறி எதுவும் செய்யாது. கோரின் ஒரு பகுதியை மறைத்துக் காற்றைத் தடுக்கவும் கூடும்.

கூலரே வேண்டாமா

கம்பெனியிலிருந்து கூலர் இல்லாமல் வந்து, ஞாயிறு காலை மெதுவாகச் சுற்றி வரும் வண்டியில் யாரோ ஒருவர் பிற்பாடு மாட்டிய கூலர் ஆயிலை 70 டிகிரியிலேயே வைத்திருந்தால், அதைக் கழற்றுவதுதான் சரியான ரிப்பேர். கழற்றும்போது இரண்டு வாயையும் பிளக் போட்டு அடைத்துவிட்டுப் போகாதீர்கள். ஆயில் அந்த வழியாகத்தான் ஃபில்டருக்கும் பேரிங்குக்கும் போகும் இன்ஜின்கள் உண்டு. எம்ஜிபி-யில் கூலருக்கான வாய்களை ஒரே ஹோஸால் இணைக்க வேண்டும், அடைக்கக் கூடாது.

மாட்டியபின் முதல் ஸ்டார்ட்

எதை மாட்டினாலும் கூலருக்குள் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டு மாட்டுங்கள். பிறகு இக்னிஷன் காயிலின் வயரைக் கழற்றி, பிரஷர் முள் எழும் வரை 10 விநாடி, 10 விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் இரண்டு நிமிடம். ஒவ்வொரு இணைப்பையும் டிஷ்யூ காகிதத்தால் துடையுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவு காகிதத்தில் தெரியும். நிறுத்தி, ஆயில் இறங்க நேரம் கொடுத்து, அளவு பாருங்கள். கூலரும் ஹோஸும் புதிது என்றால் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை கூடுதலாகக் கேட்கும். தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓட்டிவிட்டு வந்து மறுபடி அளவு பாருங்கள், ஏனெனில் அதுவரை கூலர் முழுதாக நிரம்பியிருக்காது. பழைய தெர்மோகப்பிள்களைக் கழற்றாமல் அதே சாலையில், அதே வேகத்தில், அதே 20 நிமிடம் ஓட்டி இரண்டு எண்களையும் முன்பு எழுதியதன் கீழே எழுதுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியபின் ஃபில்டரை மாற்றும்போது பழையதை வெட்டித் திறந்து, காகித மடிப்புகளை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள்.